திரும்பிப் பார்க்கையில் தெரிபவர்

(காரைக்குடியில் தவக்காலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கடவுள் நம்மோடு இருப்பதை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கண்டுகொள்வது என்று பேசச் சொன்னீர்கள். சிவகங்கைச் சீமையில் நின்று இதைப் பேச வருகிறவர் ஓரியூரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 3. மறுநாள் கொல்லப்படப்போகிற ஒருவர் ஓரியூர்ச் சிறையில் கடிதம் எழுதுகிறார். மை இல்லை, கரியைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். எழுதுகோல் இல்லை, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டார். அந்தக் கடிதத்தில் புலம்பல் இல்லை, யார் மேலும் பழி இல்லை. மகிழ்ச்சிதான் இருக்கிறது. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, மறவ நாட்டில் நடந்து திரிந்த அருளானந்தர் அவர்.

நாம் அந்தக் கடைசி நாளின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். எனக்கு அதற்கு முந்தைய ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவர் இந்தியாவுக்கு வந்தது 1673-இல். நடுவில் ஐரோப்பா போய்வந்த காலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நெடுங்காலம் இந்த வெயிலிலும் மணலிலும் நடந்திருக்கிறார். 1686-இல் ஒருமுறை பிடிபட்டு, வதைக்கப்பட்டு, உயிர் தப்பி, மறுபடி இங்கேயே வந்தார். அவர் சேர்ந்த இயேசு சபையில் ஒரு வழக்கம் உண்டு. நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, வேலையை நிறுத்திவிட்டுக் கழிந்த பொழுதைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆன்ம சோதனை என்று நம் பழைய மந்திரப் புத்தகங்களில் இருப்பது அதுதான். காட்டுக்குள் மறைந்திருந்து, இருட்டிய பிறகு மக்களைச் சந்தித்து ஞானஸ்நானம் கொடுத்த நாட்களிலும் அந்த வழக்கம் அவரை விட்டிருக்காது என்று நம்புகிறேன். அப்படி நாள்தோறும் திரும்பிப் பார்த்துப் பழகிய ஒருவரால்தான், கரித்தண்ணீரில் அப்படியொரு கடிதம் எழுத முடியும்.

அருளானந்தர் கொல்லப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1691 பிப்ரவரியில், பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் ஒரு முதியவர் இறந்துபோனார். சகோதரர் லாரன்ஸ். இளமையில் போர்வீரர், போரில் காலில் காயம்பட்டுக் கடைசிவரை நொண்டி நடந்தவர். படிப்பு அதிகம் இல்லை, குருப்பட்டமும் இல்லை. மடத்து அடுப்படியில் பல ஆண்டுகள் சமைத்தார், பிறகு செருப்புத் தைத்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. ஆனாலும் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும், கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போதும், கடவுளோடு ஒரேபோல இருக்க முடிகிறது என்று சொன்னார். மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கிவர அவரைத்தான் வெளியூருக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் சரியில்லை. படகில் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் அவரால் நகர முடிந்தது. அதையும் செய்து முடித்துத் திரும்பினார்.

இவரைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், சாம்பாரைக் கிளறும்போதெல்லாம் கடவுளை நினைக்க வேண்டும் என்று முயன்று, இரண்டாம் நாளே விட்டிருப்பீர்கள். குழந்தை அழுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கடவுள் நினைப்பு வரவில்லை. நமக்கு இதெல்லாம் ஆகாது, இது துறவிகளுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் லாரன்ஸ் சொன்ன இன்னொரு செய்தியைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. முதல் பத்தாண்டுக் காலம் தமக்குப் பெரும் வேதனையாகவே இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுப்படியில் கண்ட அமைதி, அவர் மடத்துக்குள் நுழைந்த அன்றே கையில் கிடைத்த வரம் அல்ல.

நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது இதுதான்: கடவுள் உடனிருப்பது பெரும்பாலும் அந்தக் கணத்தில் தெரிவதில்லை. கழிந்த பிறகு, திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஆகவே வேலைக்கு நடுவில் அவரை உணரவில்லையே என்று வருந்துகிறவர்கள் அந்த வருத்தத்தை விட்டுவிடலாம். நாம் இழந்திருப்பது திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. வேதாகமத்தைப் புரட்டுங்கள். யாக்கோபு வீட்டை விட்டு ஓடுகிற வழியில், ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். ஆண்டவர் அந்த இடத்தில் இருந்தார் என்பது அவனுக்கு விழித்த பிறகுதான் தெரிகிறது. தனக்கு அது தெரியாமல் போயிற்றே என்று நடுங்குகிறான். மோசே கடவுளின் மாட்சியைக் காட்டும்படி கேட்டார். அவர் கடந்து போன பிறகு பின்புறத்தைப் பார்க்கத்தான் அனுமதி கிடைத்தது. உயிர்ப்பு ஞாயிறன்று மாலை இரண்டு சீடர்கள் எம்மாவுக்கு நடக்கிறார்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர், இங்கிருந்து குன்றக்குடிக்குப் போகும் தூரம். வழி நெடுகக் கூடவே நடந்தவரை அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டபோது தெரிந்தது, தெரிந்த உடனே அவர் மறைந்தார். அதன் பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்து, வழியில் பேசிக்கொண்டு வந்தபோதே நம் நெஞ்சு கனலாக எரிந்ததே என்று வியந்துகொள்கிறார்கள். எரிந்தது நடக்கும்போது, புரிந்தது உட்கார்ந்த பிறகு.

இவற்றைவிட என்னை அதிகம் உலுக்குவது நாசரேத்து. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆண்டவர் ஒரு சிற்றூரில் இருந்தார். தச்சு வேலை செய்தார், அண்டை வீட்டாரோடு பேசிப் பழகினார், தண்ணீர் எடுக்கப் போகும் தாயோடு நடந்தார். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு தொழுகைக்கூடத்தில் எழுந்து பேசியபோது, இவன் நம் ஊர்த் தச்சன்தானே என்று முகம் சுளித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடவுள் அவ்வளவு சாதாரணமாக நம்மிடையே இருப்பார் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு மூடிவிடுகிறார்கள். வேலை செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிற முதுகு மட்டுமே. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டுப் பிரியும்போதுதான் பூ தெரியும். நம் நாட்களும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகின்றன.

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் கதையும் இதையே சொல்கிறது. 1521-இல் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் ஒடிந்து படுக்கையில் கிடந்தார். படிக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை, கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. படுத்தபடியே இரண்டு விதமான பகற்கனவு கண்டார். ஒன்றில் அரண்மனை, பெருமாட்டி, வெற்றி. மற்றொன்றில் புனிதர்களைப் போல் வாழ்வது. நினைக்கும்போது இரண்டும் இனித்தன. ஆனால் நினைத்து முடித்த பிறகு முதல் கனவு மனத்தை வறட்டிவிட்டது, இரண்டாவது நெடுநேரம் மகிழ்ச்சியைத் தங்க வைத்தது. இந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார், அவ்வளவுதான். அந்தக் கவனிப்பிலிருந்து ஆன்மிகப் பயிற்சிகள் பிறந்தன, இயேசு சபை பிறந்தது, அந்தச் சபையின் வழியாக நம் மண்ணுக்கு அருளானந்தர் வந்தார், சருகணியில் பல ஆண்டுகள் வாழ்ந்து 1973 மார்ச் 21 அன்று மறைந்த லெவே சாமியார் வந்தார். எதை முடித்த பிறகு மனம் நிறைந்திருக்கிறது, எதை முடித்த பிறகு வெறுமையாகிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், எங்கே கடவுள் இருந்தார் என்பதும் மெல்லத் தெரியத் தொடங்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது பலருக்கு உவப்பாக இருக்காது. திரும்பிப் பார்ப்பது என்றால் நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வக் காரணம் கண்டுபிடிப்பது அல்ல.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் ஆயிரக்கணக்கான மக்கள் இருந்தபோது சுனாமி வந்தது. பேராலயத்துக்குள் பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், தண்ணீர் கோயிலுக்குள் நுழையவில்லை. அதைப் புதுமை என்று சொன்னோம், இன்றும் சொல்கிறோம். பிழைத்தவர்களின் நன்றியை நான் மதிக்கிறேன், அந்த நன்றி உண்மையானது. ஆனால் அதே காலையில், அதே கோயிலுக்கு வெளியே, கடற்கரையில் நின்றவர்களும் கடைத்தெருவில் நடந்தவர்களும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தான். மொட்டை அடித்து, மெழுகுவர்த்தி வாங்கி, கடலில் கால் நனைக்கப் போனவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உள்ளே இருந்தவர்களோடு கடவுள் இருந்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், வெளியே இருந்தவர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? பிள்ளையை அலைக்குக் கொடுத்த ஒரு தாய் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவள் நெஞ்சில் என்ன விழும்?

சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை ஆண்டவரே எடுத்துப் பேசினார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. இலாசர் இறந்தபோது அழுதார்.  இழவு வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றும்போதே, எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லிக்கொண்டு நுழைகிறோமே, அந்தச் சொல்லை நாம் நிறுத்த வேண்டும். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அது காயத்தில் உப்பாகிறது. கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்காருங்கள், அது போதும்.

சரி, அந்த டிசம்பர் நாட்களைத் திரும்பிப் பார்த்தால் கடவுள் எங்கேயும் தெரியவில்லையா? எனக்குத் தெரிகிறார். மணலுக்கடியிலிருந்து உடல்களைத் தூக்கியவர்களிடம் தெரிகிறார். பெயர் தெரியாத பிணங்களையும் தன் பிள்ளையைப் போல் கழுவிய கைகளில் தெரிகிறார். நாகூர் தர்கா, இறந்தவர்கள் என்ன மதம் என்று கேட்காமல் அடக்கம் செய்ய இடம் கொடுத்ததே, அங்கே தெரிகிறார். உள் மாவட்டங்களிலிருந்து அரிசி மூட்டையும் பாயும் போர்வையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போன லாரிகளில் தெரிகிறார். அலையை அனுப்பியவராக அவரை என்னால் பார்க்க முடியவில்லை. அலைக்குப் பின் மண்டியிட்டு மண்ணைத் தோண்டியவர்களின் நடுவில் பார்க்க முடிகிறது.

மத்தேயு எழுதிய நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. அதில் நாம் கவனிக்கத் தவறுகிற ஓர் இடம் உண்டு. பசித்தவனுக்கு உணவு கொடுக்காதவர்கள், உம்மை எப்போது பார்த்தோம் என்று கேட்கிறார்கள். அது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் உணவு கொடுத்தவர்களும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள்! அவர்களுக்கும் தெரியவில்லை. சோறு போட்டபோது அவர்கள் கண்டது பசித்த ஒரு மனிதனை மட்டுமே. ஆண்டவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரை அடையாளம் காணாமலே அவருக்குப் பணிவிடை செய்துவிட முடியும் என்பது எத்தனை பெரிய ஆறுதல்!

அன்னை தெரசாவின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பு வந்தது. கொல்கத்தாச் சேரியில் வேலை தொடங்கியது. தொடங்கிய சில காலத்திலேயே கடவுளின் உடனிருப்பு உணர்வு அவரை விட்டுப் போய்விட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த இருட்டு. அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 2007-இல், அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோது உலகம் திகைத்தது. அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னால் இவ்வளவு வறட்சியா என்று கேட்டார்கள். ஆனால் காளிகாட்டில் சாகக் கிடந்தவர்கள் அவருடைய உணர்வைப் பார்க்கவில்லை, தங்கள் நெற்றியில் பட்ட கையைத்தான் அறிந்தார்கள். பூசையில் எனக்கு எதுவும் தோன்றவில்லையே, செபமாலை சொல்லும்போது மனம் சந்தைக்குப் போகிறதே என்று என்னிடம் வந்து கண்கலங்கும் தாய்மார்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். உணர்வு வரும், போகும். அதை வைத்துக் கடவுள் வந்தாரா, போனாரா என்று கணக்கிட வேண்டாம்.

இனி வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சிறிய காரியம்தான். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, கதவைச் சாத்திய பிறகு பத்து நிமிடம். கைப்பேசியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்த பிறகு கிடைக்காது. முதலில், இன்று கிடைத்ததற்கு நன்றி. பொத்தாம்பொதுவாக அல்ல, பெயர் சொல்லி. திங்கட்கிழமைச் சந்தையில் காய்கறிக் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்ட பெண், வேலை செய்யும் இடத்தில் உங்கள் பிழையைப் பிறர் அறியாமல் திருத்திக் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆச்சி. அந்த ஆச்சி திருநீறு பூசியவராக இருக்கலாம். நாம் இங்கே சிறு எண்ணிக்கையில் வாழ்கிறவர்கள். நம்முடைய நாட்களில் பாதி நன்மை நம் சபைக்கு வெளியே இருப்பவர்கள் கையால்தான் வருகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் செப்டம்பர்த் திருநாளுக்கு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களும் ஒரே சாலையோரத் திண்ணையில் மோர் வாங்கிக் குடிக்கிற ஊர்ப்பகுதி இது. மோர் ஊற்றிய கையில் ஆண்டவரைக் காண மறுத்தால் நட்டம் நமக்குத்தான்.

பிறகு, இன்றைய பொழுதைக் காலையிலிருந்து மெதுவாக மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது? யாரிடம் பேசிய பிறகு லேசாக இருந்தது? எந்த வார்த்தையைச் சொன்ன பிறகு உள்ளே ஒரு முள் நின்றது? தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், அதிலேயே தங்கிவிடாதீர்கள். நம்மில் பலருக்கு ஆன்ம சோதனை என்றால் பாவப் பட்டியல் என்றே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இஞ்ஞாசியார் வகுத்த முறையில் முதலில் வருவது நன்றி, பாவம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றியதால் நிறையப் பேர் இரவில் கண்ணை மூடிக் கடவுள் முன் உட்காரவே அஞ்சுகிறார்கள். முடிவில், நாளைக்கு வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். நாளை சந்திக்கப்போகிற அந்தக் கடினமான மனிதரைப் பொறுத்துக்கொள்ளும் மனத்தைக் கேளுங்கள். அவ்வளவே.

இரவுப் பணிக்குப் போகும் செவிலியர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நாள் முடிவது விடியற்காலையில். அப்போது செய்யுங்கள். நோயாளியின் பக்கத்தில் மாதக்கணக்காகக் கண்விழிக்கிறவர்களுக்குப் பத்து நிமிடமும் கிடைக்காது என்று தெரியும். உங்களுக்கு நான் எந்த வேலையும் கொடுக்க மாட்டேன். நீங்கள் திரும்பிப் பார்க்கும் காலம் பிறகு வரும். இப்போது உங்களுக்காக மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நீங்கள் தூங்க இடம் கொடுப்பது இந்தப் பங்கின் கடமை. அன்பியக் கூட்டங்களில் இதை யார் யார் எந்தெந்த வீட்டுக்கு என்று பேசி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சின்னப் பிள்ளையிடம் இன்று கடவுளை எங்கே பார்த்தாய் என்று கேட்காதீர்கள். உங்களை மகிழ்விக்க எதையாவது சொல்லும். இன்று உனக்கு யார் உதவினார்கள், நீ யாருக்கு உதவினாய் என்று கேளுங்கள். பதில் சொன்ன பிறகு, அவர்கள் பெயரைச் சொல்லி ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத் தூங்க வையுங்கள். கடவுளின் பெயரை அந்தப் பதிலோடு சேர்த்துக்கொள்ளும் வயது அதற்கு வரும்.